சரிவில் வெட்டிய அடுப்பு

கண்ணாத்தாளுக்கு வீட்டுக்குள் சமைக்க வராது. இதை அவளே யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லுவாள். கூரைக்குக் கீழே, சுவரோரத்து அடுப்பில் ஒரு படி அரிசியைப் போட்டால் ஒன்று குழையும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் குழந்தைசாமிக்கு இதில் பெரிய மனக்குறை. ஆனால் திறந்த வெளியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு அவள் அடுப்பு வெட்ட உட்கார்ந்துவிட்டால், முப்பத்தாறு பேர் வயிற்றைப் பற்றி அப்புறம் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

முப்பத்தாறு பேர் என்பது ஆவுடையப்பன் மேஸ்திரியின் மண்வேலைக் கும்பல். சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த பிறகு புதுக்கோட்டைப் பக்கத்தில் மண்வெட்டிக்கு ஓய்வே இல்லை. கண்மாய்க் கரையை உயர்த்துவது, வரத்து வாய்க்காலில் தூர் எடுப்பது, ரோட்டுக்குச் செம்மண் அடிப்பது என்று ஊர் ஊராக வேலை. ஓர் ஊரில் ஒரு மாதம், இன்னோர் ஊரில் நாற்பது நாள். போகிற இடத்தில் பனையோலையால் குடிசை போட்டுக்கொண்டு கேம்ப் அடிப்பார்கள். கேம்ப் என்ற சொல்லை ஓவர்சியரிடமிருந்து பிடித்துக்கொண்டது கும்பல். குழந்தைசாமி மண் வெட்டுகிறவன். கண்ணாத்தாள் அத்தனை பேருக்கும் பொங்கிப் போடுகிறவள்.

வெளியில் சமைக்கிறவளுக்குப் புளி, உப்பு, மிளகாய், கருவாடு இந்த நாலும் போதும் என்பது அவள் கட்சி. அவள் பிறந்தது கடலோரம், மீமிசல் பக்கம். கருவாட்டை எண்ணெயில் போட்டு வீணாக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கங்கின் மேலே போட்டு, ஈர்க்கால் திருப்பிச் சுட்டு, கல்லில் ஒரு தட்டுத் தட்டி முள்ளை உதறி, வெங்காயத்தோடு பிசைந்து வைத்தால் அதுவே ஒரு கும்பா கம்மங்கஞ்சியை உள்ளே தள்ளிவிடும். கொள்ளை வேகவைப்பாள். வெந்த தண்ணீரில் புளியைக் கரைத்து ரசம், வெந்த கொள்ளில் சுட்ட மிளகாயை வைத்து அரைத்துத் துவையல். கத்திரிக்காயும் சீனிக்கிழங்கும் பானை ஏறுவதேயில்லை. சாம்பலுக்குள் புதைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள். தோலை உரித்து ஊதிக்கொண்டே தின்பார்கள். "இந்தச் சோத்தைத் தின்னுப்புட்டு வீட்டுச் சோத்தை எப்படித் திங்கிறது?" என்று தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினவர்கள் சொன்னால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவர்கள் பெண்டாட்டிமார் காதில் விழாதவரைக்கும் சரிதான்.

அவளுக்கு இரண்டு பெருமைகள். இரண்டும் சேர்ந்துதான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தன.

ஒன்று, அவளுடைய சரிவு அடுப்பு. சமதரையில் கல் வைத்துச் சமைப்பது அவளுக்குக் கையாலாகாதவர்கள் வேலை. ஒரு மண்சரிவைப் பார்த்து, கீழேயிருந்து மேலே ஏறுகிற மாதிரி நீளக் குழி வெட்டுவாள். விறகு வைக்கிற வாய் அடியில். அதற்குமேல் படிப்படியாக மூன்று பானைக்கு மூன்று கண். அடியில் வைத்த தீ தானாக இழுத்துக்கொண்டு மேலேறும். முதல் கண்ணில் சோறு, இரண்டாவதில் குழம்பு, மூன்றாவதில் வெந்நீர். ஒரு கட்டு முள்விறகில் மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கும்.

இன்னொன்று, தீ. ஒரு கேம்புக்கு ஒரே தீக்குச்சி. முதல் நாள் கிழித்தால் கிழித்ததுதான். ராத்திரி கங்கைச் சாம்பலால் மூடிவைத்து, விடியற்காலையில் கிளறி ஊதுவாள். வேலை முடிவதற்குள் அடுப்பு அணைந்தால் மண் சரிந்து யாராவது விழுவார்கள் என்பது கும்பலின் நம்பிக்கை. அதனால் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற பேச்சே கிடையாது. "பதினோரு வருசத்துல நான் கிழிச்ச குச்சி ரெண்டு தீப்பெட்டி கூட வராது" என்று அவள் சொல்லிக்கொள்வாள். உண்மைதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணியில் அந்தக் கும்பல் வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே நெடுங்கண்மாயில் வந்து இறங்கியது. கரையை இரண்டு முழம் உயர்த்தி, அரித்துப்போன இடங்களை அடைக்க வேண்டும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். கரைக்கு மேலே காற்று சுழற்றியடித்தது. கீழே வயலோரம் ஈரம். கண்ணாத்தாள் இரண்டையும் விட்டுவிட்டு, கரையின் வெளிச்சரிவில், நடுவயிற்றில் அடுப்பை வெட்டினாள். வெட்டும்போது மண்வெட்டி ஏதோ கட்டையில் மோதியது. என்றைக்கோ வெட்டப்பட்ட புளியமரத்தின் தூர். அதற்குமேல் பல வருஷம் மண் விழுந்து கரையோடு கரையாகியிருந்தது. அவள் சந்தோஷப்பட்டாள். அடுப்புக்குப் பின்சுவர் கேட்காமலே கிடைத்துவிட்டது என்று அதன்மேல் களிமண்ணை அப்பிப் பூசினாள். முதல் இரண்டு நாள் அது லேசாகப் புகைந்தது. இன்னொரு கை மண்ணை அப்பினாள். அப்புறம் அதை மறந்துபோனாள்.

கரைக்கு நேர் கீழே, முதல் வயல், உண்ணாமலையுடையது. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அவள் மாட்டுக்குக் கழுநீர் வாங்கத் தினமும் கேம்புக்கு வருவாள். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டாள். ஒரு பிடி கீரையோ நாலு கத்திரிக்காயோ மடியில் இருக்கும். "அக்கா" என்று கண்ணாத்தாள் கூப்பிட ஆரம்பித்து, பத்தே நாளில் இருவரும் ஒருத்திக்கொருத்தி பேன் பார்க்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

புரட்டாசி கடைசியில் மழை முந்திக்கொண்டது. இரண்டு நாள் பெய்ததில் கண்மாய் பாதிக்கு நிறைந்தது. வேலையும் முடிகிற கட்டம். அடுப்பு இருந்த பக்கத்துக் கரையை ஓவர்சியர் அளந்து சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இன்னும் இரண்டு நாளில் கேம்ப் கிளம்ப வேண்டும்.

அன்றைக்குக் காலையில் மழை விட்டிருந்தது. தண்ணீர் எடுக்கக் கண்ணாத்தாள் குடத்தோடு கரையேறி உள்பக்கம் இறங்கினாள். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, ஒரு நண்டு வளையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

யாரோ பீடியைப் போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். பீடி இல்லை. அப்புறம்தான் மண்ணைக் கவனித்தாள். இரண்டு நாள் மழையில் கரை முழுதும் சொதசொதவென்று கிடக்க, வளையைச் சுற்றி ஒரு வண்டிச்சக்கரம் அகலத்துக்கு மண் காய்ந்து வெளுத்திருந்தது. உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். அந்த வளைக்கு நேராக, கரைக்கு அந்தப் பக்கம், அவள் அடுப்பு இருக்கிறது. நடுவில் அந்தத் தூர். நாற்பது நாள் அணையாத தீ தூரைத் தின்று, வேரைப் பிடித்துக்கொண்டு, கரைக்குள்ளேயே நடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் இப்போது வெறும் சாம்பலும் பொந்தும். தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறினால் அந்தப் பொந்து வழியாகப் புகும். புகுந்த தண்ணீர் கரையை விடாது. குடத்தை நிரப்பாமலே திரும்பினாள்.

குழந்தைசாமி குடிசைக்குப் பின்னால் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் அவன் கை நின்றது. போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வரும்போது முகம் வேறாக இருந்தது.

"யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றான்.

"என்னங்க சொல்றீங்க?"

"கரையில தீ வச்ச கும்பல்னு பேரு வந்துச்சுன்னா எவன் நமக்கு வேலை குடுப்பான்? மேஸ்திரி நம்ம ரெண்டு பேரையும் கழுத்தப் பிடிச்சுத் தள்ளிருவாரு. முப்பத்தாறு பேரு பொழைப்பு, புள்ள. நாளன்னைக்குக் கெளம்புறோம். பெய்யிற மழையில அது தானா அணைஞ்சிரும்."

"அணைஞ்சாலும் பொந்து இருக்குமேங்க."

"மண்ணு எறங்கி மூடிக்கும். நீ போயி கஞ்சிய ஊத்து."

அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோனவன். கண்ணாத்தாளுக்கும் அவன் சொல்வதை நம்பத்தான் ஆசையாக இருந்தது. மண் இறங்கி மூடிக்கொள்ளும் என்று மனசுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்தாள். ஐந்தாவது தரம் வாயில் வரவில்லை. ஆட்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அவள் அகப்பையை எடுத்துக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தாள். அடுப்பு எப்போதும்போல அழகாக இழுத்து எரிந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கழுநீர்ச் சட்டியோடு உண்ணாமலை வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏத்தா கண்ணாத்தா, சேதி தெரியுமா? மேலக் கண்மாய் நெறஞ்சு மறுகால் பாயுதாம். அம்புட்டுத் தண்ணியும் இங்கிட்டுத்தான் வருது. பொழுது சாயிறதுக்குள்ள இதுல ஒரு மொழம் ஏறிரும்னு சொல்றாக. இந்த வருசம் எங்க நாத்து கருகாது."

கண்ணாத்தாள் கீழே பார்த்தாள். வயலில் உண்ணாமலையின் இரண்டு பெண்களும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களை பறித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நேர் மேலே அடுப்பு.

"என்னத்தா, கஞ்சி கீழ ஊத்துது?" என்றாள் உண்ணாமலை.

கண்ணாத்தாள் அகப்பையைப் பானைக்குள் போட்டுவிட்டு, மேஸ்திரி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள். பின்னால் குழந்தைசாமி எழுந்து நிற்பது தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மேஸ்திரிண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க."

ஆவுடையப்பன் மேஸ்திரி நல்ல மனுஷன்தான், ஆனால் நாக்கில் முள். சாப்பாட்டு நேரத்தில் எழுப்பினால் முள் இரண்டாகும். ஓரமாக நின்று அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நேத்துத்தான் ஓவர்சியரு அளந்து கையெழுத்துப் போட்டாரு. இன்னைக்குத் தண்ணி ஏறுது. இப்ப நீ கரைய வெட்டிப் பாக்கச் சொல்ற. என்ன நடக்கும் தெரியுமா? நீ சொல்றது பொய்யா இருந்து நான் வெட்டினேன்னா, நல்ல கரைய நானே ஒடச்சு விட்டவன் ஆவேன்."

"வெட்டலைன்னா தானா ஒடையும்ணே."

"வளையில பொக வந்துச்சுங்கிற. நண்டு வளையில ஆவி வாரது புதுசா? மழை பேஞ்சு வெயில் அடிச்சா மண்ணு ஆவி விடும்."

"ஆவி சுடாதுண்ணே."

"எனக்குக் கண்ணுல தெரியணும். ஒன் வாய்ச்சொல்லை வச்சு நான் மம்பட்டியத் தூக்க மாட்டேன்."

கண்ணாத்தாளுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, தன்மேலேயே. அந்தக் கோபத்தில்தான் அவளுக்கு யோசனையும் வந்தது. அடுப்பைப் பற்றி அந்தக் கும்பலில் அவளைவிடத் தெரிந்தவர் யார்? நேராக அடுப்புக்குப் போனாள். மூன்று கண்ணிலும் இருந்த பானைகளை இறக்கினாள். கரையோரத்து வேப்பமரத்தில் மழையில் நனைந்த கொப்பு நாலைந்தை ஒடித்து, இலையும் ஈரமுமாக அடுப்பு வாய்க்குள் திணித்தாள். மூன்று கண்ணையும் காலிப் பானைகளைக் கவிழ்த்து மூடி, சந்து பொந்துகளில் களிமண்ணை அப்பினாள். கடைசியாக அடுப்பு வாயை நனைந்த சாக்கால் அடைத்துப் பிடித்துக்கொண்டாள். புகைக்கு வெளியே போக வழியில்லை. உள்ளே ஒரு வழி இருந்தாலொழிய.

"மேல ஏறி நின்னு அங்கிட்டுப் பாருங்கண்ணே" என்றாள்.

மேஸ்திரி கரைமேல் ஏறினார். ஆட்கள் கும்பாவோடு பின்னால் ஏறினார்கள். சாக்கைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்த கண்ணாத்தாளுக்கு எதுவும் தெரியவில்லை. தான் சொன்னது பொய்யாகிவிட வேண்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள். மேஸ்திரி காறித் துப்பித் திட்டட்டும், எல்லாரும் சிரிக்கட்டும், கரை முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அப்புறம் மேலே ஒருவன், "அட அம்மா!" என்றான்.

தண்ணீர்ப் பக்கம், ஒன்றில்லை, மூன்று இடத்தில் வெள்ளைவெள்ளேரென்று வேப்பிலைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி இறங்கி வந்தபோது அவர் நாக்கில் முள் இல்லை. "வைக்கோல் வேணும். சாக்கு வேணும். சவுக்குக் குச்சி எத்தனை இருக்கு?" என்று கேட்டார். குழந்தைசாமிதான் முதலில் ஓடினான்.

"என்ன ஆச்சு மேஸ்திரி?" என்று உண்ணாமலை பதறினாள்.

அவர் கண்ணாத்தாளை ஒரு பார்வை பார்த்தார். "எலி வளை" என்றார். "கரைக்குள்ள பெரிய எலி வளை. பொக போட்டுப் பாத்தோம். நீ ஒம்புள்ளைகள மேட்டுக்குக் கூப்புடு."

உண்ணாமலை பிள்ளைகளைக் கூப்பிட்டதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, தன் மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோல் படப்பைப் பிரித்துக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து போட்டாள். நாலு நடை நடந்தாள். ஒவ்வொரு கட்டையும் கண்ணாத்தாள் கையில்தான் கொடுத்தாள். கண்ணாத்தாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கரையை எடுத்த எடுப்பில் வெட்ட முடியாது. முதலில் தண்ணீர்ப் பக்கம், வளையைச் சுற்றி அரைவட்டமாகக் குச்சி அடித்து, வைக்கோலும் களிமண்ணுமாக ஒரு சின்னக் கரை போட்டார்கள். தண்ணீர் ஏற ஏற அதையும் ஏற்றினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பத்துப் பேர் மண்ணை மிதித்தார்கள். மேலக் கண்மாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் அரை முழம் ஏறிவிட்டது.

அதன்பிறகுதான் உச்சியிலிருந்து கரையைப் பிளந்தார்கள். கேம்ப் முழுவதும் வெட்டுக்கு வந்துவிட்டது. காலையில் பிடி போட்ட மண்வெட்டியோடு குழந்தைசாமி முன்னால் நின்று வெட்டினான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, அவனாகத்தான் போனான். மூன்று முழ ஆழத்தில் மண் சூடாக வந்தது. நாலாவது முழத்தில் அவன் காலடி மண் இறங்கியது. முழங்கால்வரை பொந்துக்குள் போய்விட்டான். உள்ளே சாம்பல் இல்லை, கங்கு.

அவன் கத்தினது கண்ணாத்தாளுக்கு எந்தக் காலத்திலும் மறக்கவில்லை. இரண்டு பேர் அவனைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கண்ணில்பட்ட குடத்தைத் தூக்கி அவன் காலில் ஊற்றினாள்.

"அடுப்பை அணைங்கடா!" என்று மேஸ்திரி கத்தினார். ஆனால் யாரும் நகரவில்லை. வேலை முடியுமுன் அடுப்பில் தண்ணீர் ஊற்றக்கூடாதே. ஆள் ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது, இன்னும் விழுமோ என்று நின்றார்கள். கண்ணாத்தாள் அடுத்த குடத்தை எடுத்துக்கொண்டு கரையிறங்கினாள். கவிழ்த்த பானைகளைக் காலால் எட்டி உதைத்தாள். ஊற்றினாள். அடுப்பு சீறியது. இன்னொரு குடம் ஊற்றினாள். பதினோரு வருஷத்தில் தன் கையால் அணைத்த முதல் தீ. அப்போது அழ அவளுக்கு நேரமில்லை. அதன்பிறகுதான் மற்றவர்களும் குடத்தோடு வரிசையாக நின்று, பொந்து கொதித்து அடங்கும்வரை தண்ணீரை இறைத்தார்கள்.

எரிந்த வேரை அடியோடு தோண்டி எறிந்து, களிமண்ணைக் கூடைகூடையாகக் கொட்டி, கட்டையால் இடித்து இறுக்கினார்கள். அன்றைக்கு அடுப்பு இல்லை. பழைய களியை மோரில் கரைத்து, கடித்துக்கொள்ள வெங்காயத்தைக் கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தார்கள். பொழுது சாயும்போது அரைவட்டக் கரையைத் தாண்டித் தண்ணீர் புதுமண்ணைத் தொட்டது. எல்லாரும் வெளிச்சரிவில் இறங்கி நின்று, அடுப்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி குனிந்து மண்ணில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். கசியவில்லை.

"எலி வளைதான்" என்றார் எழுந்து. எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "யாரு கேட்டாலும் எலி வளை."

கண்ணாத்தாளை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரம் சந்தையிலிருந்து சாமான் வந்தபோது, புளிக்கும் மிளகாய்க்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. வாரம் தவறாமல் வந்தது.

குழந்தைசாமியின் கால் ஆற ஒரு மாதமானது. முழங்காலுக்குக் கீழே தோல் சுருங்கிப்போனது. ராத்திரி எண்ணெய் போட்டுவிடும்போது, "ஒன் பேச்சை நான் கேட்டிருக்கணும்" என்று ஒரு தரம் சொன்னான். "எம் பேச்சை நீ கேக்காததும் நல்லதாப் போச்சு" என்றான் இன்னொரு தரம்.

தை மாதம் கும்பல் அங்கிருந்து இரண்டு மைலில் ரோட்டு வேலையில் இருந்தது. கண்ணாத்தாள் சரிவு தேடுவதை விட்டிருந்தாள். கேம்புக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் மூன்று கல். காற்று நாலு பக்கமும் பிய்த்துக்கொண்டு போகும், விறகு இரட்டிப்பாக ஆகும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் முற்பகலில் ரோட்டோரமாக உண்ணாமலை வந்தாள். தலையில் ஒரு மூட்டை, மடியில் கத்திரிக்காய்.

"கரைக்குக் கீழ் வயல் அரிசி. நேத்துத்தான் குத்துனேன். மொதப் பானை ஒங்கையால வேகணும்னு எடுத்தாந்தேன். அன்னைக்கு நீங்க கரைய அடைக்கலைன்னா இது ஏது?"

கண்ணாத்தாள் மூட்டையை வாங்கினாள். கை கனத்தது. தீக்குச்சியைக் கிழித்தாள். அது அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தாள். உலை வைத்தாள், அரிசியைக் களைந்து போட்டாள். உண்ணாமலை பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்து மாட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். படப்பைப் பிரித்ததால் கார்த்திகையில் மாட்டுக்குத் தீனியில்லாமல் அலைந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். புது அரிசியின் வாசம் எழுந்தது. அந்த வாசத்தைத் தாங்கக் கண்ணாத்தாளால் முடியவில்லை.

"அக்கா, அது எலி வளை இல்லை."

"என்ன?"

"என் அடுப்பு. புளியந்தூர் இருக்குன்னு தெரிஞ்சேதான் அதை ஒட்டி வெட்டினேன். தீ அதைப் பிடிச்சு அங்கிட்டு வரைக்கும் போயிருச்சு. நான்தான்க்கா."

உண்ணாமலை நீட்டின காலை மடக்கினாள்.

"எம் புள்ளைக ரெண்டும் கீழ நின்னுச்சுக."

"ஆமாக்கா. பாத்தேன். கரைக்குள்ள தீ இருக்குன்னு தெரிஞ்சேதான் கஞ்சி ஊத்துனேன். நீங்க வந்து தண்ணி வருதுன்னு சொல்ற வரைக்கும் வாயைத் தொறக்கலை."

உண்ணாமலை எழுந்தாள். மூட்டையில் மீதியிருந்த அரிசியைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று கண்ணாத்தாள் நினைத்தாள். போகட்டும், அவளுடைய அரிசி. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பானை பொங்கி வழிந்து கல்லில் விழுந்து தீய்ந்தது.

"சோறு பொங்குது. வடி" என்றாள் உண்ணாமலை.

கண்ணாத்தாள் பானையை இறக்கிச் சாய்த்து வடித்தாள். கஞ்சி காலில் தெறித்தது. அவள் நிமிர்ந்தபோது உண்ணாமலை தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடம் காலியானதும் அடுத்த குடத்தையும் எடுத்து ஊற்றினாள். ஒரு குச்சியால் சாம்பலை அடிவரை கிளறினாள். அப்புறம் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை அந்த ஈரச் சாம்பலில் வைத்து, எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"அணைஞ்சிருச்சு" என்றாள். "எலையப் போடு, ரெண்டு பேரும் சாப்புடுவோம்."